ஒன்றை மட்டும் குறிப்பிடவும்

நோர்வூட் பிரதேச செயலகம், புதன்கிழமை.
கலைஞர் உதவிப்பணப் படிவத்தின்
நான்காம் கேள்விக்கு வரும்போது
மழை கூரைத் தகரத்தில் இறங்கிவிட்டது.
துறை என்ன ஐயா, கத்திக் கேட்டேன்.
ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

பெ. சன்னாசி, வயது எழுபத்து நான்கு,
ஈரக் குடையை மடியில் கிடத்தி
கம்பிகளை எண்ணுவதுபோல் தடவினார்.

"பதினேழு வயசுல ரதி கட்டினேன்.
மாசிப் பனி, காமன் பொட்டல்.
மன்மதன் எரிஞ்சதும் நான் அழணும்.
அழுதேன். கூத்து முடிஞ்சும் நிக்கல.
கங்காணி சம்சாரம் பார்த்துட்டு,
எங்க மாமா செத்தா இவனைக் கூப்பிடுங்கன்னுச்சு.
வைகாசியிலயே செத்தாரு."

ஒப்பாரி என்று எழுதினேன்.

"அவசரப்படாதீங்க மிஸ்."

வேலைநிறுத்தம் நடந்த நாற்பத்தொரு நாளும்
பெரட்டுக்களத்தில் பாடியவர் இவர்தானாம்.
அதே மெட்டு. பிணத்தின் இடத்தில்
தொரையைக் கிடத்தினார், அவ்வளவே.
மூன்றாம் நாள் தொரையே காரை நிறுத்தி
மொழி புரியாமல் தலையாட்டிக் கேட்டாராம்.

கொழும்பு வானொலிக்கு ஒரே ஒருமுறை.
"மூச்சு வாங்குற சத்தம் கேக்குது,
திரும்பப் பாடுங்கன்னாங்க.
மலையேறிக்கிட்டே பாடுற பாட்டு சார்,
மூச்சு வாங்காதான்னேன்.
வெட்டிட்டாங்க.
லயத்துல உக்காந்து கேட்டேன்,
யாரோ படுத்துக்கிட்டுப் பாடுற மாதிரி இருந்துச்சு."

எண்பத்து மூன்றில் பாடவில்லை என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு தேர்தல்கள்:
காலையில் ஒரு சின்னம், மாலையில் எதிர்ச் சின்னம்,
ஒரே லொறி, ஒரே ஒலிபெருக்கி,
சாரதிக்கு மட்டும் இரண்டு தொப்பி.
பிறகு லொத்தர் சீட்டு வேன்.
டெங்கு வாரத்துக்கு நுளம்புப் பாட்டு
(என் மகன் இன்னும் குளிக்கும்போது பாடுகிறான்,
இவருடையது என்று இன்றுதான் தெரியும்).

கட்டாரில் மாட்டிக்கொண்ட பையன் ஒருவன்
அம்மா சாவுக்கு வர முடியாமல்
போனில் கேட்டிருக்கிறான், பாடுங்கள் என்று.
"பாதியில கார்டு முடிஞ்சுபோச்சு.
மிச்சத்தை மறுநாள் பாடினேன்.
மண்ணு போட்டு ஒரு நாள் ஆயிடுச்சு.
அவனுக்கு அப்பத்தான் செத்தா."

சான்றிதழ் பிரதிகள் இரண்டு வேண்டும் ஐயா.
ஒன்று எடுத்தார், டெங்கு வாரத்தது, சிங்களத்தில்.
பெயர் சன்யாசி என்றிருந்தது.
திருத்தச் சொல்லவில்லையா?
"நுளம்புக்கு எந்தப் பேரா இருந்தா என்ன?"

கலையை அறிந்த சாட்சிகள் இருவர்?
"எனக்காகவே பாட்டு வச்சவங்கள்ல
பாதிப் பேரு பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டில்ல கேட்டாங்க."
சிரித்தார். பிறகு என் பெயரட்டையை
கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ரெட்டமலை மேக்கணக்கு, டிராக்டர் சௌந்தரம் மகளா?"

ஆமாம்.

"நீங்க அன்னைக்கு அழல.
மூணு மணி நேரம் பாடினேன்.
கதவுப் பக்கம் நின்னு தேத்தண்ணிக் கோப்பை எண்ணிக்கிட்டிருந்தீங்க."

எட்டுக் கோப்பை குறைந்திருந்தது.
அடுத்த லயத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.
இரண்டாயிரம் பேசி ஆயிரத்து ஐந்நூறு கொடுத்ததும்
நான்தான். அதை அவர் கேட்கவில்லை.
மேசை லாச்சியில் கைப்பை இருந்தது.
திறக்கவில்லை. எப்படித் திறப்பது, இந்த மேசையில்?

நான்காம் கேள்வி இன்னும் அப்படியே.
ஒப்பாரியை வெட்டியிருந்தேன். என்ன எழுத?
"கூப்பிட்டா போவாருன்னு எழுதுங்க."
அதற்குக் குறியீட்டு இலக்கம் இல்லை.
இருந்தும் எழுதினேன்,
கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் இரண்டு எழுத்து போய்விட்டது.

அலுவலர் சாட்சி வைக்க முடியாது, விதி.
முதலாம் சாட்சிக்கு அம்மா பெயரைப் போட்டேன்.
அவள் அழுதாள், தெரியும்.
கையெழுத்துக்கு மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

"ரெண்டாவதுக்கு கட்டார்ப் பையன் ஒப்பம் செல்லுமா மிஸ்?"
என்றார், குடையை உதறிக்கொண்டு.
"நம்பர் இருக்கு.
கார்டு மட்டும் போடணும்."